உப்பளம் சொல்லும் பாடம்

(பட்டிமன்றத் தலைப்பு: தொழில் தொடங்குபவருக்குப் பெரிதும் தேவை துணிவா? நிதானமா? ‘நிதானமே!’ என்ற அணியில் பேசியது.)

நகைச்சுவையும் நல்லறிவும் கலந்து தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கிற நடுவர் அவர்களே, துணிந்து பேசிவிட்டு இப்போது நிதானமாகத் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) மரக்காணத்துப் பெருமக்களே, தாய்மார்களே!

சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர் வருகிறது. அது இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். சங்க காலத்திலே உமணர் என்று ஒரு கூட்டம். உப்பு மூட்டையை வண்டியிலே ஏற்றி, மனைவி மக்களோடு ஊர் ஊராகப் போய் விற்ற வணிகர்கள். இப்போ ‘ஸ்டார்ட்அப்’, ‘ஸ்டார்ட்அப்’ என்கிறார்களே, அதைக் குடும்பத்தோடு சக்கரத்திலே வைத்து ஓட்டியவன் ஐயா தமிழன்! (கைதட்டல்)

காலையிலே இங்கே உப்பளத்தைப் போய்ப் பார்த்தேன். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே வருகிறார்கள். வெயில் காய்ச்சுகிறது. தண்ணி கெட்டிப்பட்டுக்கிட்டே வருது. கடைசிப் பாத்தியிலேதான் உப்புப் பூக்கிறது. முன்கூட்டியே வாரினா வெறும் தண்ணி. சரி, பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரைக்கும் காயவிட்டா? மெக்னீசிய உப்பெல்லாம் சேர்ந்து கசக்கும்! அந்த மிச்சத் தண்ணியை வடித்துவிட வேண்டும். ஆக, நிதானம் என்பது சும்மா இருப்பது இல்லை நடுவர் அவர்களே. எப்போ வாரணும், எப்போ வடிக்கணும் என்று தெரிந்துகொண்டு இருப்பது!

எதிரணிச் சகோதரி வ.உ.சி.யைச் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கும் உடம்பு சிலிர்க்குது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, கடைசியிலே காசே வேண்டாம், ஏறி உட்காரு என்றது. அவன் கையிலே இருந்த பணத்துக்கு அவனால் நஷ்டம் தாங்க முடிந்தது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1912-ல் அவர் வெளியே வருவதற்கு முன்பே கம்பெனி கலைந்து போயிற்று.

அவருக்குத் துணிவு குறைவா? இல்லை! நாட்டுக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தார். அதற்குப் பெயர் தியாகம். நீங்களும் நானும் தொடங்குவது பிழைப்பு. தியாகியைக் காட்டி ஒரு இளைஞனைக் கடன் வாங்கச் சொல்லாதீர்கள் சகோதரி! (பலத்த கைதட்டல்)

இந்தக் கரையோரமாகவே தெற்கே போனால் கடலூர். அங்கே சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர். பணக்காரன் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் வாங்கணும் என்று நினைத்தார். முகப்பவுடரைச் சின்னப் பொட்டலமாகப் போட்டார். பேதி உப்பையும் போட்டார். அதுவும் உப்புதானே! (சிரிப்பு) ஷாம்பூவையும் சின்னப் பாக்கெட்டிலே அடைத்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாயோடு தனியாக ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகப் போய், பையன்களுக்குத் தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பாருங்க என்றார்கள். காலிப் பாக்கெட்டைக் கொண்டு வந்தால் புதுசு தந்தார்கள். அந்தக் கம்பெனிதான் 1998-ல் ‘கெவின்கேர்’ ஆனது. கவின் என்றால் அழகு. தமிழ் வாத்தியார் நான் சொல்கிறேன், நம்புங்கள்!

இன்னொன்று பாருங்கள். ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் ‘அட்வென்ட்நெட்’ என்று தொடங்கினார்கள். வெளி முதலீட்டாளர் பணத்தை நம்பாமல், சம்பாதித்ததிலேயே வளர்த்தார்கள். கம்பெனிக்கு ‘ஸோஹோ’ என்ற பெயர் வந்ததே 2009-ல்தான். பதின்மூன்று வருஷம் ஐயா! நம்ம பையன் பதின்மூன்றாம் மாதமே கார் வாங்கணும் என்கிறான்.

ஊரார் கதையைச் சொன்னேன். என் கதையையும் சொல்ல வேண்டும். அப்போது நான் தற்காலிக விரிவுரையாளர். சம்பளம் போதவில்லை. நண்பர் ஒருவரோடு சேர்ந்து சின்னதாக ஒரு அச்சகம் வைத்தேன். மூலதனம், என் மனைவியின் எட்டுப் பவுன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், நல்லா ஓடிச்சு. முதல் மெஷினுக்கே பாக்கி வசூல் ஆகாதபோது, கடன் வாங்கி இரண்டாவது மெஷின் போட்டேன். எவ்வளவு துணிச்சல் பாருங்க! ஒன்றரை வருஷத்திலே இழுத்துப் பூட்டினேன்.

‘உப்பு விற்கப் போனா மழை பெய்யுது, மாவு விற்கப் போனா காத்தடிக்குது’ என்று வீட்டிலே புலம்பினேன். மனைவி கேட்டார்: “மழை எப்போலேருந்து பெய்யுது?” ஆறு மாசமா என்றேன். அவர் அழவில்லை. “நகை போனது போகட்டுங்க. ஆறு மாசமா என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லலியே” என்றார்.

நடுவர் அவர்களே, எட்டுப் பவுனைப் பிறகு செய்து போட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

தொழில் தொடங்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். சின்னதாகத் தொடங்குங்கள். முதல் பாத்தி நிறையாமல் இரண்டாவது பாத்தி வெட்டாதீர்கள். வீட்டுச் செலவுக்குள்ள பணத்தைத் தொழிலிலே போடாதீர்கள். நஷ்டம் வந்தால் வந்த அன்றைக்கே வீட்டிலே சொல்லுங்கள். மறைத்து வைத்த நஷ்டம் வடிக்காத உப்புத்தண்ணி, மிச்சத்தையும் கசக்க வைத்துவிடும். பெற்றோர்களே, பிள்ளை தோற்று வந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

ஒரு மழை அடித்தால் இந்த ஊரிலே விளைந்த உப்பு கரைந்து போகிறது. உப்பளத் தொழிலாளி என்ன செய்கிறார்? மழை விட்டதும் மழைத்தண்ணியை வடித்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். நம் சாப்பாட்டிலே உப்பாக இருப்பது அவருடைய நிதானம்தான்.

துணிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. துணிவு பாத்தி வெட்டும். நிதானம்தான் உப்பு வாரும். ஆகவே நடுவர் அவர்களே, நிதானமாக யோசித்து, நிதானமே என்று துணிந்து தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)