பல்லு டொக்டருக்குப் பயந்தவள் பேசுகிறேன்

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் ஈ.பி.எப்.பும் பேசுகிற இடத்தில் டீச்சர் எதற்குப் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. போன மாதம் நம் பாடசாலைக்குப் பல் வைத்திய முகாம் வந்தது. கேட்டு வாங்கியது நம் கமிட்டி. இலவசம். பஸ் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேரும் போகாது. அப்படியிருந்தும் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சல். ஒருவருக்கு மகள் வீட்டில் விசேஷம். இன்னொருவர் விறகுக்குப் போய்விட்டார். சம்பளப் போராட்டத்தில் ஆபீசுக்கு முன்னால் மழையில் நாள் முழுக்க உட்கார்ந்த ஆட்கள், ஒரு ஊசிக்குப் பயந்து தேயிலைக்குள் ஒளிந்துகொண்டார்கள்!

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் அந்த ஆட்களில் ஒருத்திதான்.

எனக்கு ஒன்பது வயதில் கடைவாய்ப் பல் வலித்தது. அம்மா அன்றைய பேரை விட்டுவிட்டு என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடியற்காலை துண்டு எடுத்து, பத்து மணிக்கு உள்ளே போனோம். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே குறடு வாய்க்குள் வந்துவிட்டது. இன்னும் விறைக்கவில்லை என்று சொல்ல எனக்குச் சிங்களம் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். வலி மறந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல் அந்தக் கதிரையில் கிடந்தது மட்டும் மறக்கவில்லை.

பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பக்கத்தால் மென்றேன். ஓட்டையில் கராம்பு வைத்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பல் துலக்கப் பாடம் நடத்தியதும் நான்தான்! கடைசியில் ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிப்போயிற்று. இனி ஒளிய இடமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. கொஞ்சம் தமிழ் பேசினார். "இன்றைக்குப் பிடுங்க மாட்டேன், பயப்படாதீங்க" என்றார். மாத்திரை கொடுத்து, முடிந்ததும் வரச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பல்லடியில் சீழ் கட்டி வீங்கியிருக்கும்போது, அந்த இடத்துச் சதையில் புளிப்புத் தன்மை கூடிவிடும். அதற்குள் போகிற விறைப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. அதனால்தான் வீக்கத்தோடு போனவருக்கு ஊசி போட்டும் வலிக்கிறது. வலித்தவர் வந்து லயம் முழுக்கச் சொல்கிறார். கேட்டவர்கள் பயந்து, தங்கள் பல்லும் வீங்கும்வரை இருக்கிறார்கள். பிறகு அவர்களுக்கும் வலிக்கிறது. நம் தோட்டத்தில் பரம்பரையாக நடப்பது இதுதான். சின்ன ஓட்டையாக இருக்கும்போதே போனால் பெரும்பாலும் பிடுங்கவே தேவையில்லை, அடைத்துவிடுவார்கள். பயந்து தள்ளிப்போட்டால், எதற்குப் பயந்தோமோ அதிலேயே போய் விழுவோம்.

இரண்டாம் முறை நான் தனியாகப் போகவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையில் ஏறுவதற்கு முன்பே, "எனக்கு ரொம்பப் பயம், சின்ன வயதில் இப்படி நடந்தது" என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "வலித்தால் இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார். வலிக்காமலே ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். நிறுத்தினார். அதற்குப் பிறகு என் உடம்பு தானாகவே தளர்ந்துவிட்டது. உதடு தடித்து மரத்துப்போகும்வரை காத்திருந்து, குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அழுத்துவது தெரிந்தது, வலி தெரியவில்லை. பல் வெளியே வர, நிறைந்த கூடையை இறக்கி வைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஊசி என்றால் சாப்பிடக்கூடாது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது முழு மயக்கம் கொடுக்கிற ஆபரேஷனுக்கு. பல் விறைக்கிற ஊசிக்கு ரொட்டியோ சோறோ சாப்பிட்டுவிட்டே போகலாம். வெறும் பிளேன்டீயோடு போய் வரிசையில் நின்றால்தான் தலை சுற்றும். பிரஷர், சீனி மாத்திரை குடிக்கிறவர்கள் வழக்கம்போல் குடித்துவிட்டு, மாத்திரைக் கவரையும் கையில் கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அந்த மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் அப்படிச் செய்யும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். அன்றைக்கு வாய் கொப்பளிக்காதீர்கள், துப்பிக்கொண்டும் இருக்காதீர்கள். அந்த இரத்தக் கட்டிதான் காயத்துக்கு மூடி. சுடச்சுடத் தேத்தண்ணியும் அன்றைக்கு வேண்டாம். வெத்திலை, பீடி, சாராயம் எதுவும் கூடாது. அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போய்விடும் என்று என் மாமியார் இன்னும் சொல்கிறார். கண்பார்வையின் நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. எனக்குப் பிடுங்கியது மேல் பல்தான். உங்கள் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிற கோழிக் கிறுக்கலை இப்போதும் நன்றாகத்தான் வாசிக்கிறேன்.

பல்வலிக்குப் பெனடோலைக் கைநிறைய விழுங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8க்கு மேல் போகக்கூடாது. போனால் ஈரல் கெடும். வலியில் இராத்திரி கணக்கு மறந்துபோகும். டிஸ்பிரினை ஈறில் ஒதுக்கி வைப்பதும் வேண்டாம், சதை வெந்துபோகும்.

தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். சொல் கேட்காத பிள்ளையிடம் "பல்லு டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடச் சொல்வேன்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கென்றே அரசாங்கத்தில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். வலி இல்லாத நாளில் பிள்ளையைக் கொண்டுபோய், சும்மா பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். அந்தக் கதிரை என்றாலே வலிதான் என்று பிள்ளை நினைக்காது.

வெத்திலை விஷயத்துக்கு வருகிறேன். முகத்தைத் திருப்பாதீர்கள் அக்கா! குளிரிலும் பசியிலும் மலையில் நிற்கும்போது அது எவ்வளவு துணை என்று என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். போயிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்றாலும் தப்ப முடியாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கொச்சிக்காய் பட்டால் பழைய மாதிரி இல்லாத எரிச்சல், வாய் முன்போல அகலத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் உடனே போங்கள். இவை பெரும்பாலும் வலிக்காது. வலி வந்தால் போகலாம் என்று இருக்கிறவர்களுக்கு ஆபத்து அதில்தான். மேக்கணக்கில் ஒரு பெரியம்மாவுக்கு விரல் இரண்டுதான் வாய்க்குள் போகும் நிலை. முகாமில் டொக்டர் பார்த்து, பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்தார். பெரியம்மா அன்றைக்கு வந்தது பல்வலிக்கு. வராமல் விறகுக்குப் போயிருந்தால்?

பயத்தை மட்டும் குறை சொல்லிப் போய்விட முடியாது. கிளினிக் போனால் ஒரு பேர் போகிறது. டவுன் போய்வர பஸ், ஓட்டோ. அங்கே போனால் பாஷை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "இன்னும் விறைக்கவில்லை" என்று நம் பாஷையில் சொல்லி, அது விளங்கும் இடமாக ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். கிளினிக் துண்டு காட்டுகிறவருக்கு அரைப்பேராவது போட வேண்டும், மாதம் ஒரு நாள் தோட்டத்து வண்டி விட வேண்டும் என்று கமிட்டி கடிதம் எழுதியிருக்கிறது. மேலே அனுப்பிப் பதில் சொல்வதாக ஆபீசில் சொன்னார்கள். இந்தக் கடிதத்தோடு இரண்டாம் முறை போகும்போது நீங்களும் வர வேண்டும்.

அதுவரைக்கும் நாமே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். போகிறவரோடு சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போவார். உயர்தரம் படித்த நான்கு பிள்ளைகள் சம்மதித்திருக்கிறார்கள். பெயர் எழுதுகிற கொப்பி இதோ இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. எனக்குக் கீழே இன்னும் ஒரு பல் அடைக்க வேண்டும், புதன்கிழமை போகிறேன். ஓட்டோவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.