சித்தப்பாவின் முழங்காலும் 45,000 லிட்டர் தண்ணீரும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோடு ஒரு பணக்காரப் பிரச்சினை பத்தி: வீட்டு நீச்சல்குளத்தைச் சூடா வெச்சுக்க எவ்வளவு செலவாகும்? "நான் வாடகை கட்டவே திண்டாடுறேன், எனக்கெதுக்கு இது?"ன்னு ஆஃப் பண்ணிடாதீங்க. இதுல பாதி விஷயம் உங்க வீட்டு கீசர், ஏசி, மண்பானை எல்லாத்துக்கும் பொருந்தும்.

என் சித்தியும் சித்தப்பாவும் இங்கிலாந்துல, லண்டனுக்குத் தெற்கே ஒரு புறநகர்ல இருக்காங்க. அவங்க வாங்கின வீட்டோட பின்பக்கம் ஒரு குளமும் சேர்ந்தே வந்துடுச்சு. எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். வாங்கினப்போ அதை மூடி மண்ணைக் கொட்டி கறிவேப்பிலை வைக்கணும்னுதான் சித்தி நினைச்சாங்க. (அந்தக் குளிர்ல கறிவேப்பிலை! சரி, அது வேற எபிசோடு.) அதுக்குள்ள சித்தப்பாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆச்சு. வெதுவெதுப்பான தண்ணில நடக்கச் சொன்னாங்க பிசியோதெரபிஸ்ட். தண்ணில உடம்போட எடை பெரும்பாலும் காலில் இறங்காது, மூட்டு வலிக்காம வேலை செய்யும். அவர் வாரம் மூணு நாள் பக்கத்துல இருக்குற பொது நீச்சல்குளத்துக்குப் போயிட்டிருந்தார். 2022 கடைசியில அவங்க நேரத்தைக் குறைச்சுட்டாங்க. காரணம், மின்சார பில்.

அது அந்த ஊர்ல மட்டும் நடந்தது இல்ல. உக்ரைன் போருக்கு அப்புறம் எரிவாயு விலை ஏறினதுல பிரிட்டன் முழுக்க பொது நீச்சல்குளங்கள் தடுமாறிச்சு. சிலது வெப்பத்தைக் குறைச்சது, சிலது நேரத்தைக் குறைச்சது, சிலது மூடியே போச்சு. 2023 மார்ச் பட்ஜெட்ல அரசாங்கம் நீச்சல்குளம் உள்ள உடற்பயிற்சி மையங்களுக்காக 63 மில்லியன் பவுண்டு ஒதுக்க வேண்டி வந்தது. அதே மாசம் கார்டியன் பத்திரிகைல இன்னொரு செய்தி. அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கோட யார்க்‌ஷயர் வீட்டுல புதுசா சூடேத்துற நீச்சல்குளம் கட்டறாங்க, அதுக்குத் தேவைப்படுற மின்சாரத்துக்காக அந்தப் பகுதியோட மின் இணைப்பையே மேம்படுத்த வேண்டியிருந்தது அப்படின்னு. செலவை அவரே சொந்தப் பணத்துல கட்டினார், சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. ஆனா ரெண்டு செய்தியையும் ஒரே வாரத்துல படிச்ச சித்தப்பாவுக்கு பி.பி. ஏறிடுச்சு.

அப்பதான் எனக்கு போன். "டேய், நீ ஏசி கம்பெனில இன்ஜினியர்தானே? நம்ம குளத்தை சூடு பண்ணா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுச் சொல்லு. சித்திகிட்ட சொல்லிக்காத."

கணக்கு கஷ்டமே இல்ல. ஆயிரம் லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த 1.16 யூனிட் வேணும். இது இயற்கை விதி, எந்தக் கம்பெனியும் இதை மாத்த முடியாது. சராசரி ஆழம் 1.4 மீட்டர்னு வெச்சா குளத்துல சுமார் 45,000 லிட்டர். ஒரு டிகிரிக்கு 52 யூனிட். ஏப்ரல் மாசம் தண்ணி 12 டிகிரில இருக்குன்னு வெச்சுக்கோங்க, 28-க்குக் கொண்டு போகணும். 16 டிகிரி. கிட்டத்தட்ட 835 யூனிட்.

அந்த நேரத்துல அங்க வீட்டு மின்சாரம் சராசரியா யூனிட்டுக்கு 34 பென்ஸ், கேஸ் 10.3 பென்ஸ். அதுவும் அரசாங்கம் உச்சவரம்பு போட்டு வெச்ச விலை. சும்மா கம்பிச்சுருள் ஹீட்டர் போட்டா, அதாவது வாளில போடுற வாட்டர் ஹீட்டரோட பெரியண்ணன், 284 பவுண்டு. கேஸ் பாய்லர்னா நூறு பவுண்டு சுமாரா. ஹீட் பம்ப்னா 57. ஒரு பவுண்டு அப்போ நம்ம காசுல ஏறக்குறைய 100 ரூபா, பெருக்கிக்கோங்க.

சித்தப்பா இதைக் கேட்டதும் "அவ்வளவுதானா?"ன்னாரு. ஹீட்டர் விக்கிறவங்க நிறைய பேர் இந்த இடத்தோட நிறுத்திப்பாங்க. ஆனா இது முதல் தடவை ஏத்துற செலவு மட்டும். ஏத்தின சூடு தங்கணுமே.

மண்பானைல தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கு? பானை மேல கசியுற ஈரம் ஆவியாகும்போது உள்ள இருக்குற தண்ணிகிட்டேர்ந்து வெப்பத்தை எடுத்துட்டுப் போகுது. நீச்சல்குளம் வாயை முழுசாத் திறந்து வெச்ச ஒரு ராட்சதப் பானை. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக எடுத்துக்குற வெப்பம் சுமார் 0.68 யூனிட். அந்த வெப்பத்தை வெச்சு அஞ்சு லிட்டருக்கும் மேல தண்ணியை பூஜ்ஜியம் டிகிரிலேர்ந்து கொதிநிலை வரைக்கும் கொண்டு போகலாம். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்குப்படி குளம் இழக்குற சூட்டுல 70 சதவீதம் ஆவியாதல் வழியாத்தான் போகுது. தரை வழியா, சுவர் வழியா போறது கொஞ்சம்தான்.

சித்தியோட குளத்துக்கு மேற்பரப்பு 32 சதுர மீட்டர். காத்தடிக்குற ஒரு நாள்ல நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்குதுன்னு வைங்க. கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனா அது 160 லிட்டர். அதோட சேர்ந்து போறது 109 யூனிட். மத்த இழப்புகளையும் சேர்த்தா நாளைக்கு 155 யூனிட். வெயில் இலவசமா திருப்பித் தர்றதை நான் இதுல கழிக்கல, இங்கிலாந்து வெயிலை நம்பி யாரும் கணக்குப் போடக்கூடாது.

ஒரு நாள் பில் இப்போ: கம்பிச்சுருள்ல 53 பவுண்டு, கேஸ்ல கிட்டத்தட்ட 19, ஹீட் பம்ப்ல பத்தரை. மாசத்துக்கு இல்ல, ஒரு நாளைக்கு. போன்ல அந்தப் பக்கம் சத்தமே வரல.

(சென்னைல இதே குளம் இருந்தா ஹீட்டரே வேண்டாம், மே மாசம் அதுல டீ போடலாம். ஆனா ஆவியாதல் இங்கயும் உண்டு. அதே 5 மில்லிமீட்டர் கணக்குல மாசம் கிட்டத்தட்ட 5,000 லிட்டர். உங்க அபார்ட்மென்ட்ல பூல் இருந்தா, லாரித் தண்ணி பில்லை அசோசியேஷன் மீட்டிங்ல கேட்டுப் பாருங்க.)

ஹீட் பம்ப் எப்படி இவ்வளவு கம்மியா முடிக்குது? அது சூட்டை உண்டாக்கல, இடம் மாத்துது. நம்ம ஏசி ரூம்ல இருக்குற வெப்பத்தை எடுத்து வெளில தள்ளுது. அதைத் திருப்பிப் போட்டா வெளிக்காத்துல இருக்குற வெப்பத்தை எடுத்துத் தண்ணிக்குள்ள தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அஞ்சு யூனிட் சூடுன்னு நான் போட்டது கோடைக்கான கணக்கு. காத்து குளிர குளிர இது நாலாகும், மூணாகும். வருஷம் முழுக்க அஞ்சுன்னு யாராவது விளம்பரம் பண்ணா எந்த ஊர்க் காத்துக்குன்னு கேளுங்க.

ஆனா ஹீட் பம்பை விட முக்கியமான ஒரு சாமான் இருக்கு. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. குமிழ் குமிழா பார்சல்ல சுத்தி வருமே, அதோட தடியான வகை. பானைக்கு மூடி போட்ட மாதிரி. அதே அமெரிக்கத் துறையோட கணக்குல, கவர் போட்டாலே சூடேத்துற செலவு 50 முதல் 70 சதவீதம் குறையும். பத்தரை பவுண்டு நாலு அஞ்சுக்கு வந்துடும். இருக்குறதுலயே விலை கம்மியான பொருள், அதிகமா மிச்சம் பண்றதும் அதுதான். கையில காசு கொஞ்சம்தான் இருக்குன்னா முதல்ல கவர், அப்புறம்தான் மத்ததெல்லாம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

சிக்கல் என்னன்னா அதை யார் இழுக்குறது? 32 சதுர மீட்டர் ஈர பிளாஸ்டிக். ஆபரேஷன் ஆன முழங்காலோட சித்தப்பாவால முடியாது. அதுக்கு ஒரு உருளை வேணும், கைப்பிடி சுத்துற ஆள் ஒண்ணு வேணும். அந்த ஆள் சித்திதான். அதோட ரகசியம் உடைஞ்சது.

சித்தி ஒரு கேள்விதான் கேட்டாங்க: "28 டிகிரி அவருக்குப் போதுமா?" சரியான கேள்வி. 28 நீந்துறவங்களுக்கு நல்லா இருக்கும், உடம்பு தானே சூடாயிடும். மெதுவா நடக்குறவருக்குக் குளிரும். குறைஞ்சது 30 வேணும். இங்கதான் பில் எகிறும். ஒவ்வொரு ஃபாரன்ஹீட் டிகிரி கூட்டும்போதும் செலவு 10 முதல் 30 சதவீதம் ஏறும்னு சொல்றாங்க. நம்ம ரெண்டு டிகிரி அங்க 3.6 டிகிரி. கம்மியாப் பார்த்தாலும் 40 சதவீதம் கூடுது.

அதனால மே முதல் செப்டம்பர் வரைங்கிற ஆசையைக் கைவிட்டோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும், ஹீட் பம்ப், கவர், 30 டிகிரி. மொத்தம் சுமார் 600 பவுண்டு, 60,000 ரூபா. மிஷின் விலையும் ஃபில்டர் மோட்டார் ஓடுற கரண்ட்டும் தனி. வாரம் மூணு தடவை இறங்கினா ஒரு முழுக்குக்கு 15 பவுண்டு. தினம் இறங்கினா ஆறரை. குளத்துக்கு நீங்க இறங்குறீங்களா இல்லையான்னு தெரியாது, அது பாட்டுக்கு ஆவியாகிட்டே இருக்கும்.

இதை விட எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு அதே மார்ச் மாசம் வந்தது. டெவன் மாவட்டத்துல எக்ஸ்மவுத்னு ஒரு கடலோர ஊர். அங்க பொது நீச்சல்குளத்துல டீப் கிரீன்னு ஒரு நிறுவனம் வாஷிங் மெஷின் அளவுல ஒரு குட்டி டேட்டா சென்டரை வெச்சாங்க. கம்ப்யூட்டர்களை எண்ணெய்ல முக்கி வெச்சு, அதுங்க கக்குற சூட்டைக் குளத்துக்குத் திருப்பி விட்டாங்க. நேரத்துல 60 சதவீதம் அதுவே தண்ணியை 30 டிகிரி அளவுல வெச்சுக்குது. சர்வர் ஓடுறதுக்குக் குளிர்ச்சி வேணும், குளத்துக்குச் சூடு வேணும். நூறு பேர் நீந்துற குளத்துல ஒரு யூனிட்டுக்கும் ஒருத்தர் நீந்துற குளத்துல ஒரு யூனிட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அந்தப் பொதுக் குளம் சரியா ஓடியிருந்தா எனக்கு இந்த போனே வந்திருக்காது.

கடைசில சித்தி ஒத்துக்கிட்டாங்க, ரெண்டு நிபந்தனையோட. கவர் உருளையை வாரத்துல நாலு நாள் பையன் சுத்தணும். செப்டம்பர் ஒண்ணாம் தேதி சுவிட்ச் ஆஃப், யார் கெஞ்சினாலும். மிச்ச ஒன்பது மாசத்துக்கு சித்தப்பா பழையபடி பொதுக் குளத்துக்கே போறார், இப்போ ஞாயிறும் புதனும் மட்டும். அங்க ரெண்டு பஞ்சாபி தாத்தாக்கள் இவருக்கு நண்பர்கள், மூணு பேரும் தண்ணில நடந்துகிட்டே கேஸ் பில் பத்திப் பேசுறாங்களாம்.

உங்க அபார்ட்மென்ட் பூலுக்கு ஹீட்டர் போடலாம்னு யாராவது கொட்டேஷன் கொண்டு வந்தா, குறிப்பா பெங்களூர்ல இருக்குறவங்க, அதுல கவர்னு ஒரு வரி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லாட்டி எனக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.