காகிதத்தில் தெரிகிற முகம் யாருடையது?

(புதுவை முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்கு மனுப்போட்டால் இப்போது சில கம்பெனிகளில் ஒரு புதுப் பரீட்சை எழுதச் சொல்லுகிறார்கள். கணக்கு இல்லை, இங்கிலீஷ் இல்லை, மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுவதும் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் நீ முதலில் பேசுவாயா, ஒதுங்கி நிற்பாயா? மனசு சொல்வதைக் கேட்பாயா, புத்தி சொல்வதைக் கேட்பாயா? இப்படி அறுபது, எழுபது கேள்விகள். கைப்போனிலேயே பதிலை அழுத்த வேண்டும். முடித்தவுடன் 'உன் குணம் இன்ன ரகம்' என்று முடிவு வந்துவிடுகிறது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "என் கூடவே இருந்து பார்த்தவன் எழுதினது மாதிரி இருக்குப்பா" என்று அதிசயப்படுகிறார்கள். வேலை தேடாதவர்களும் பொழுதுபோக்காக எழுதிப் பார்த்து, தங்கள் ரகத்தை நாலு எழுத்தில் சொல்லிக்கொள்ளுகிறார்கள்.

இந்த அதிசயத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். முதலில் ஒரு சின்னச் சோதனை. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவரின் குணத்தையும் சொல்லுகிறோம், கேளுங்கள்.

நீங்கள் பாடுபடுகிற அளவுக்கு உங்களுக்கு மதிப்புக் கிடைக்கவில்லை. உங்களிடம் உள்ள திறமையில் பாதிகூட வெளியே வரவில்லை. சிலரிடம் கலகலவென்று பேசுவீர்கள், சிலரிடம் வாயே திறக்க மாட்டீர்கள். கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ராத்திரி படுத்த பிறகு ஏன் சொன்னோம் என்று நினைப்பீர்கள். வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளே ஒரு கவலை ஓடிக்கொண்டே இருக்கும்.

சரிதானா? தலையாட்டுகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் தோழரைத் திரும்பிப் பாருங்கள், அவரும் ஆட்டுகிறார்!

இதைச் சோதித்துக் காட்டியவர் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற மனோதத்துவ ஆசிரியர். 1948-ல் தம்மிடம் படித்த 39 மாணவர்களுக்கு ஒரு குணப் பரீட்சை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு முடிவைக் கொடுத்து, உனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி நாலுக்கு மேல் வந்தது. பிறகுதான் குட்டு உடைந்தது. 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே காகிதம். அதில் இருந்த வாக்கியங்களைப் பெரும்பாலும் கடைத்தெருவில் விற்கிற ஜோஸ்யப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் நாட்டிலும் ஒரு கூத்து நடந்தது. 1968-ல் மிஷேல் கோக்லன் என்பவர், ஜாதகத்தை இலவசமாகக் கணித்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். எழுதிக் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பலனைத்தான் அனுப்பினார். பதில் எழுதியவர்களில் நூற்றுக்கு 94 பேர், அது தங்களை அப்படியே சொல்லுகிறது என்றார்கள். அந்த ஜாதகம் யாருடையது தெரியுமா? மார்செல் பெத்தியோ என்ற டாக்டருடையது. யுத்த காலத்தில், நாஜிகளிடமிருந்து தப்ப வழிசெய்கிறேன் என்று பாரிசில் ஆட்களை அழைத்துக் கொன்று பணத்தைப் பறித்த பாவி. 1946-ல் கில்லட்டினில் தலை போனது. அவன் ஜாதகத்தில் நல்ல மனிதர்கள் தங்கள் முகத்தைக் கண்டார்கள்!

வைத்தீஸ்வரன்கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்துவிட்டு ஓலைக்காகக் காத்திருந்தவர்கள் நம்மில் உண்டு. ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒவ்வொரு ஓலையாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். கடைசியில் 'உங்கள்' ஓலை கிடைக்கும். அதில் வருகிற சங்கதி நாமே ஆமாம் போட்டுக் கொடுத்ததுதான். கைப்போன் பரீட்சையிலும் பாதி இந்த வேலைதான். 'ஒதுங்கி நிற்பேன்' என்று பத்து இடத்தில் அழுத்தினவனுக்கு 'நீ தனிமை விரும்பி' என்று முடிவு வந்தால் அதில் என்ன ஞானம் இருக்கிறது? மீதிப் பாதி, யாருக்கும் பொருந்துகிற புகழ்ச்சி.

ஆனால் அந்த வாக்கியங்கள் பொய் என்றா சொல்லுகிறோம்? இல்லை. உங்கள் உழைப்புக்கு மதிப்பில்லை என்பது மெய். உங்கள் திறமை வெளியே வரவில்லை என்பதும் மெய். நம் பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொன்ன ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. முப்பது வருஷம் தறி ஓட்டிய கை இன்று ஏதோ ஒரு கட்டிட வாசலில் காவலுக்கு நின்றால், அந்தக் கையின் திறமை எப்படி வெளியே வரும்? பாகூர்ப் பக்கம் நடவு இல்லாத மாதங்களில் வேலை தேடி அலைகிற பெண்ணுக்கு உள்ளே ஒரு கவலை ஓடாமல் வேறு என்ன ஓடும்? ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி இருக்கிற வாழ்க்கையை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, 'இது உன் பிறவிக் குணம்' என்று அந்தக் காகிதம் சொல்லுகிறது. அதனால்தான் பொருந்துகிறது.

இன்று உலகெங்கும் அதிகம் ஓடுகிற நாலெழுத்துப் பரீட்சை, காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மயர்ஸ் என்ற மகளும் அமெரிக்காவில் செய்தது. ஸ்விட்சர்லாந்து டாக்டர் யுங் 1921-ல் வெளியிட்ட புத்தகத்தைப் பின்பற்றி மனிதர்களை 16 ரகமாகப் பிரித்தார்கள். இருவரும் மனோதத்துவம் முறையாகப் படித்தவர்கள் அல்ல. மகள் துப்பறியும் நாவல் எழுதினவர். அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை, நாமும் அதை முறையாகப் படித்தவர்கள் அல்ல. ஆனால் சில வாரம் கழித்து அதையே மறுபடி எழுதினால் பலருக்கு வேறு ரகம் வருகிறது. பிறவிக் குணம் ஒரு மாதத்தில் மாறுமா?

மனோதத்துவம் முழுதும் புரட்டு என்றும் சொல்லவில்லை. குட்டை உடைத்த ஃபோரரும் மனோதத்துவக்காரர்தானே. ஒழுங்காக ஆராய்கிறவர்கள் ஆளை மூட்டை கட்டி ரகம் போடுவதில்லை. உயரத்தை அளப்பதுபோல ஒவ்வொரு குணத்தையும் கூடக்குறைய அளக்கிறார்கள். அப்படி அளந்தால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறோம்.

தெருக்கூத்துக் கட்டுகிற தோழர்களை உங்களுக்குத் தெரியும். பகலில் நிலக்காரர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறவர், ராத்திரி துரியோதனனாக வந்து நின்றால் ஊரே அதிர்கிறது. அவர் பேசுகிற ரகமா, ஒதுங்குகிற ரகமா? கூலி வாங்குகிற இடத்தில் வாய் ஏன் மூடிக்கொள்ளுகிறது என்று கேட்கிற கேள்வி அந்த எழுபதில் ஒன்றுகூட இல்லை.

இதெல்லாம் விளையாட்டாக இருக்கிற வரையில் குற்றமில்லை. கிளி ஜோஸ்யம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவதுபோலப் போகலாம். காகிதம் வேலை கொடுக்கிறவன் கைக்குப் போகும்போதுதான் விபரீதம். இதற்குச் சரித்திரம் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1935-ல் வாக்னர் சட்டம் வந்தது. அதே காலத்தில் ஹம், வாட்ஸ்வொர்த் என்ற இருவர் ஒரு குணப் பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். லாக்ஹீட் விமானக் கம்பெனி உட்படப் பல முதலாளிகள் அதை வாங்கி உபயோகித்தார்கள். சேர்ந்த பிறகு நீக்க முடியாது என்றால், கலகம் செய்யக்கூடியவனை வாசலிலேயே சலித்துவிடலாம் அல்லவா? சங்கம் கட்டக்கூடிய ஆளுக்கு 'மனநிலை சரியில்லாதவன்' என்று பெயர் வைக்க வசதியாகப் போயிற்று.

அடுத்த வருஷம், 1936 ஜூலை 30-ந் தேதி, இந்தப் புதுவையில் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுச் சர்க்கார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 தோழர்கள் மாண்டார்கள். 1937-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. அந்த ஆலைக்குள் அதற்கு முன்னால் போய்க் குணப் பரீட்சை வைத்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும்? அடங்கிப் போகிறவர்கள், அதிகம் பேசாதவர்கள் என்று பாதிப்பேருக்காவது எழுதியிருப்பார்கள். அந்த ஜூலை மாதத்தில் ஆலைக்குள் உட்கார்ந்து நகர மறுத்தவர்களும் அவர்கள்தான்.

மயர்ஸ்–பிரிக்ஸ் பரீட்சையைப் பரப்புகிற ஸ்தாபனமே, ஆள் எடுக்க அதை உபயோகிக்கக்கூடாது என்று சொல்லுகிறது. ஆகவே சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் அப்படி ஒரு பரீட்சையை நீட்டினால், கேட்கச் சொல்லுங்கள்: இந்தப் பரீட்சையின் பெயர் என்ன? முடிவை யார் வைத்துக்கொள்ளுவார்கள்? எனக்கு ஒரு பிரதி உண்டா? மரியாதையாகவே கேட்கலாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேட்கலாம்.

இன்னொன்று. இந்தப் பரீட்சை எழுதின பிள்ளைகள் யாராவது இருந்தால், ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி எழுதி, இரண்டு முடிவுகளையும் சங்கத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். பேரை மடித்து மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் கலந்து ஒருநாள் இங்கேயே உரக்கப் படிப்போம். எது தன்னுடையது என்று அவரவர் கண்டுபிடிக்கட்டும்.