பதவி வந்தது, வேண்டாம் என்றார்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்ம கல்லூரி வாசலில் ஒரு பெயர் இருக்கிறது. தினமும் பார்க்கிறோம். அந்த சர் பிட்டி தியாகராயர் யார் என்று கேட்டால், "தி.நகருக்குப் பேர் வெச்சாங்களே, அவர்தான்" என்போம். அதோடு சரி.

1852இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். குடும்பத்துக்கு நெசவு, தோல், உப்பு என்று பல தொழில். இந்த வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில்தான் சுமார் 100 தறிகளோடு நெசவுக்கூடம் நடத்தினார். கையால் நாடாவைத் தள்ளி நெய்த காலத்தில், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைக் கொண்டுவந்தார். அதே ஆள், அதே நேரம். துணி மட்டும் அதிகம்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் வில்லியம் ஸ்பிரேக் என்று ஒரு பருத்தி ஆலை முதலாளி. 1860இல் 29 வயதிலேயே கவர்னர், பிறகு செனட்டர். 1873 நெருக்கடியில் அவருடைய தொழில் சரிந்தது. நம்மவரும் நெசவுக்காரர்தான். ஆனால் பதவி வந்தபோது இவர் செய்ததே வேறு.

1916இல் டாக்டர் டி.எம். நாயர் முதலானோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். நீதிக்கட்சி என்று சொல்கிறோமே, அதுதான். 1920 தேர்தலில் 98 இடங்களில் 63 கட்சிக்கு. கவர்னர் வில்லிங்டன் பிரபு முதல் மந்திரியாக வரச் சொல்லி அழைத்தார். தியாகராயர் மறுத்துவிட்டார். பதவிக்காகத்தான் கட்சி ஆரம்பித்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம் என்பார்கள். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார்.

அப்படியானால் ஒதுங்கிவிட்டாரா? அதுதான் இல்லை. 1882இலிருந்து சுமார் 40 வருஷம் சென்னை மாநகராட்சியில் உழைத்தவர். அதன் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. 165 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையை வரவழைக்கும் வழி அது. பிறகு மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆரம்பக் கல்விப் பணத்தை இதற்குச் செலவழிக்கக்கூடாது என்று அரசு தடுத்ததால் 1925இல் நின்றது. அவர் மறைந்ததும் அதே ஆண்டுதான். பின்னாளில் காமராஜரின் மதிய உணவும், எம்.ஜி.ஆரின் சத்துணவும் அந்த வழியில் வந்தவைதானே!

தம்பிகளே, தங்கைகளே, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று உழைப்பாளிகளின் வீடுகளிலிருந்து வருகிறீர்கள். பலர் நாளைக்கு நல்ல பதவிக்குப் போவீர்கள், போக வேண்டும். அவர் பெரிய நாற்காலியை விட்டார், பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டை விடவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்கிற கணக்கை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.