வீட்டில் நிகழும் இறப்பும் மாவட்டத்தின் கணக்கும்

இந்தியாவில் ஆண்டுதோறும் பாம்பு தீண்டி மாள்பவர்களின் தொகை எவ்வளவு என்னும் கேள்விக்கு, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டு கழியும் வரையில் நாடு முழுவதற்குமான நம்பத்தக்க விடை இல்லை. அரசு மருத்துவமனைகளின் அறிக்கைகள் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் என்றன. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 45,900 பேர் இறந்திருக்க வேண்டுமென மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்கைக் காட்டிலும் இது 30 மடங்குக்கும் மேலானது. மருத்துவமனைகள் பொய்க் கணக்கு எழுதின என்பதன்று இதன் பொருள். தம் வாயிலுக்கு வந்தவர்களை அவை எண்ணின; வராதவர்களை எண்ண அவற்றுக்கு வழியில்லை. அவ்வாய்வில் இனங்காணப்பட்ட பாம்புக்கடி இறப்புகளில் 23 விழுக்காடே மருத்துவமனைகளில் நிகழ்ந்தவை. ஏனையவை வீட்டிலும், வயலிலும், மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் நிகழ்ந்தன.

தரவு அறிவியல் என்னும் சொல் இன்று அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பெருவழக்காகிவிட்டது. வளரும் நாடுகளின் பொதுச் சுகாதாரத்தை உயர்த்த அத்துறையில் ஆராய்ச்சித் திறனை வளர்க்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அத்திறன் யாது, அது எங்கே வளர்க்கப்பட வேண்டும் என்னும் வினாக்கள் எழும்போது, பேச்சு பெரும்பாலும் கணிப்பொறிகளை நோக்கியே செல்கிறது. புள்ளியியல் பயிலும் மாணவர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் ஒருங்கே அமர்ந்துள்ள இவ்வவையில், பாம்புக்கடி என்னும் இந்த ஒரு சான்றையே சற்று விரிவாக நோக்குவது தகும்.

எண்ணப்படாதவற்றை எண்ணும் கலை இந்நாட்டிற்குப் புதிதன்று. கல்கத்தாவை அடுத்த சிங்கூர் சுகாதார நிலையத்தின் பகுதியில் 1940-களின் பிற்பாதியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எவ்வளவு முழுமையானது என ஆராயப்பட்டது. அவ்வாய்விலிருந்து 1949-இல் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங்கும் ஒரு முறையை வகுத்தளித்தனர். அதன் கருத்து மிக எளிது. ஒரே பகுதியில் இரு கணக்குகள், ஒன்றையொன்று பாராமல், தனித்தனியே எடுக்கப்பட வேண்டும். சான்றாக, ஓராண்டில் நேர்ந்த இறப்புகளில் பதிவேடு 80-ஐக் காட்டுகிறது. வீடு வீடாகச் சென்ற ஆய்வு 70-ஐக் காட்டுகிறது. இரண்டிலும் பொதுவாக உள்ளவை 56 என்க. ஆய்வு கண்ட 70-இல் 56 மட்டுமே பதிவேட்டில் உள்ளன. அதாவது பதிவேடு ஐந்தில் நான்கு பங்கையே பிடித்திருக்கிறது. ஆகவே பதிவேட்டின் 80 என்பது உண்மையில் 100-இன் ஐந்தில் நான்கு பங்கு. இரு கணக்கிலும் சேர்த்துத் தென்பட்டவை 94. எவர் கண்ணிலும் படாத இறப்புகள் ஆறு. காணாதவற்றின் அளவைக் காண்பவற்றைக் கொண்டே அறியும் இம்முறைக்குப் பென்சிலும் தாளும் போதும். ஆனால் இரு கணக்கெடுப்பாளர்களும் ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்து எழுதிவிட்டால் முறை முழுவதும் பாழாகும். அந்த நேர்மையைக் கற்பிப்பதே பயிற்சியின் கடினமான பகுதி.

இதே அடிப்படையில் அமைந்த மாதிரிப் பதிவுத் திட்டம் 1964-65-இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70 முதல் முழு அளவில் நடைபெற்று வருகிறது. மாதிரியாகத் தேர்ந்த சிற்றூரிலோ நகர்ப் பகுதியிலோ உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்து வருவார். ஆறு மாதத்திற்கு ஒரு முறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியே வந்து விசாரிப்பார். இரு பட்டியல்களும் ஒப்பிடப்படும். பொருந்தாதவை மீண்டும் வீட்டிற்கே சென்று சரிபார்க்கப்படும். இந்தியாவின் குழந்தை இறப்பு விகிதம் என ஆண்டுதோறும் மேற்கோள் காட்டப்படும் எண் இவ்வாறு நடந்து நடந்து பெறப்படுவதேயாகும்.

இறந்தவர் எத்தனை பேர் என்பதை இத்திட்டம் கூறிற்று. எதனால் இறந்தனர் என்பதைக் கூறுவது அரிதாயிருந்தது. மருத்துவச் சான்றிதழை நம்பலாம் எனில், 2020-ஆம் ஆண்டில்கூடப் பதிவான இறப்புகளில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் கூடுதலானவற்றுக்கே காரணம் மருத்துவரால் சான்றளிக்கப்பட்டிருந்தது. இக்குறையைப் போக்கவே தலைமைப் பதிவாளர் அலுவலகமும் டாக்டர் பிரபாத் ஜாவின் தலைமையிலான ஆய்வாளர்களும் இணைந்து, பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு எனப் பெயர் பெற்ற பெரும் பணியை மேற்கொண்டனர். அதன் முதற் கட்டத்தில் 6,671 மாதிரிப் பகுதிகளில், ஏறத்தாழ 11 லட்சம் வீடுகளில், 2001 முதல் 2003 வரை நேர்ந்த இறப்புகள் ஆராயப்பட்டன. மருத்துவம் பயிலாத, ஆயினும் நன்கு பயிற்சி பெற்ற, ஏறத்தாழ 800 களப் பணியாளர்கள் துக்கம் நேர்ந்த வீடுகளுக்குச் சென்றனர். நோயின் அறிகுறிகள், அவை தோன்றிய வரிசை, கடைசி நாட்களில் நடந்தவை ஆகியவற்றை உறவினரின் சொற்களிலேயே எழுதி வந்தனர். ஒவ்வோர் அறிக்கையையும் இரு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தைக் குறித்தனர். இருவரும் மாறுபட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் முடிவு செய்தார். சிங்கூரில் பதிவேட்டிற்குப் பயன்பட்ட இரட்டைப் பார்வை இங்கே மருத்துவத் தீர்ப்பிற்கும் பயன்பட்டது.

ஏறத்தாழ 1,23,000 இறப்புகளில் 562 பாம்புக்கடியால் நேர்ந்தவை என அறியப்பட்டது. அவற்றுள் 97 விழுக்காடு சிற்றூர்களில் நிகழ்ந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் அவை மிகுந்திருந்தன. பின்னர் 2020-இல் வெளியான விரிவான ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர், இவ்வாறு இறந்தனர் என மதிப்பிட்டது. அவர்களில் கால் பங்கிற்கும் மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத சிறார்கள்.

இத்தகைய வாய்மொழி விசாரணைக்கும் எல்லை உண்டு. அதை மறைப்பது அறிவியல் ஆகாது. பாம்பு தீண்டியதை உறவினர் மறப்பதில்லை. ஆதலால் அங்கே தவறு குறைவு. காய்ச்சல் கண்டு இறந்தவர் மலேரியாவால் இறந்தாரா, வேறு நோயாலா எனக் கூறுவது அவ்வளவு எளிதன்று. இதே ஆய்வு 2010-இல் மலேரியாவால் 70 வயதிற்குட்பட்டோரில் ஆண்டுக்கு 2,05,000 பேர் இறப்பதாகக் கூறியபோது, ஏறத்தாழ 15,000 எனக் கணித்திருந்த உலகச் சுகாதார நிறுவனம் அம்முறையையே ஏற்க மறுத்தது. பாம்புக்கடியிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குபவரைத் தீண்டும். வலி சிறிது, பல் பட்ட தடம்கூடப் பல வேளைகளில் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தாழ்தல், பின் மூச்சுத் திணறல். உறவினர் இதைப் பாம்புக்கடி என அறியாமலே இருக்கலாம். களப் பணியாளர் "எங்கே படுத்திருந்தார், கட்டிலிலா தரையிலா?" என வினவியிருந்தால் மட்டுமே உண்மை வெளிப்படும். இந்த வினா படிவத்தில் இடம்பெற வேண்டுமெனில், படிவத்தை வகுப்பவருக்குப் புள்ளியியலோடு பாம்பின் இயல்பும், உழவர் வீட்டின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும்.

கணிப்பொறியால் தீராத சிக்கல் இதற்கு அடுத்த படியில் எழுகிறது. இன்று ஒரு மாநிலத்தின் மருந்துக் கிடங்குகளின் கணக்கு முழுவதையும் கணிப்பொறியில் இட்டு, வரும் ஆண்டிற்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எத்தனை குப்பி நச்சுமுறிவு மருந்து தேவை எனக் கணிக்க இயலும். கணிப்பு எதை அடிப்படையாகக் கொள்ளும்? சென்ற ஆண்டின் செலவை. மருந்து இல்லாத நிலையத்தில் சென்ற ஆண்டு செலவும் இல்லை. அந்நிலையத்தில் மருந்து இராது என அறிந்த ஊரார் நோயாளியை அங்கே கொண்டு செல்லவும் இல்லை. ஆகவே தேவை சுழியம் எனப் பொறி விடையளிக்கும். அவ்வாண்டும் மருந்து வராது. பொறியின் கணக்கில் பிழை ஒன்றுமில்லை. அது பயின்ற ஏடுதான் ஒரு பக்கத்து உண்மையை மட்டும் கூறுவது. இவ்வட்டத்தை உடைக்க வல்லவர் அந்த வட்டாரத்தின் இறப்புப் பதிவேட்டையும் மருந்துக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரே. தலைநகரில் அமர்ந்திருப்பவருக்கு இவ்விரண்டும் இரு வேறு துறைகளின் கோப்புகளாகவே தோன்றும்.

அத்தகைய ஒருவரை மாவட்டந்தோறும் உருவாக்குவதே ஆராய்ச்சித் திறன் வளர்த்தல் என்பதன் முதற் பொருளாக இருத்தல் வேண்டும். இன்றைய நிலை வேறு. படிவங்கள் கீழிருந்து மேலே செல்கின்றன. தொகுக்கப்பட்ட முடிவு கீழே திரும்புவது அரிது. மாதந்தோறும் ஏட்டை நிரப்பும் கிராம சுகாதாரச் செவிலியர், தம் எண் என்ன ஆயிற்று என அறிவதில்லை. பயன் காணாத எண்ணை எவரும் கருத்தோடு எழுதார்; இதில் செவிலியரைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு நாட்டில் இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், பணியிலுள்ள மருத்துவர்களுக்குக் களத்திலேயே ஆய்வுமுறையைக் கற்பித்து வருகிறது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1930-களிலிருந்தே கணக்கறிஞர்களை உருவாக்கி வந்துள்ளது. குறை யாதெனில், ஓரிடத்தில் கற்றவர் மற்றோரிடத்தின் மொழியை அறியார். நிரல் எழுத வல்ல பட்டதாரி ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டைக் கண்டதில்லை. பதிவேட்டோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்த சுகாதார ஆய்வாளருக்கு, அதிலிருந்து ஒரு வினாவை எழுப்பும் உரிமையோ ஓய்வோ தரப்பட்டதில்லை. புள்ளியியல் மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஒரு மழைப்பருவத்தை ஒரு வட்டாரத்தில் கழிப்பதும், ஆய்வாளர் ஒருவர் ஆறு மாதம் பணிநீங்கல் பெற்றுத் தம் மாவட்டத் தரவையே ஆராய்வதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இதில் அரசு ஆணை ஒன்றைவிட, ஆய்வாளர் இல்லாத ஆறு மாதம் அவர் வேலையை யார் பார்ப்பது என்னும் சிறு சிக்கலே பெருந்தடையாக நிற்கும் என்பதை அலுவலர்கள் நன்கு அறிவர்.

2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில், பாம்புக்கடியை அறிவிக்கை செய்யத்தக்கதாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கர்நாடகமும் தமிழ்நாடும் அதே ஆண்டில் அவ்வாறு செய்தன. எனவே இனி ஒவ்வொரு கடியும் ஏட்டில் ஏறும் வாய்ப்பு உண்டு. ஆயினும் அறிவிக்கை செய்யும் கடமை மருத்துவமனைக்கே விதிக்கப்படுகிறது. முன்னர்க் கண்ட ஆய்வின்படி, இறந்தவர்களில் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். எண்ணிக்கை முதலாண்டுகளில் ஏறினால், அது நோய் பெருகியதாலா, கணக்கு திருந்தியதாலா எனப் பிரித்தறிய வேண்டியிருக்கும். ஏறாத மாவட்டத்தில், கடியே இல்லையா, ஏடு எழுதப்படவில்லையா என விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஊராட்சியின் இறப்புப் பதிவு, மருத்துவமனையின் அறிவிக்கை ஆகிய இரண்டையும் சிங்கூர் முறைப்படி பெயர் பெயராக ஒப்பிடலாம். ஒரு வட்டாரத்தின் ஓராண்டுக் கணக்கை ஒப்பிட ஒரு மாணவருக்கும் ஒரு சுகாதார ஆய்வாளருக்கும் சில வாரங்கள் போதும். பொருந்தாத பெயர்களின் வீடுகளுக்கு அவர்கள் நடந்து செல்ல வேண்டும். அங்கே கேட்க வேண்டிய முதல் வினாக்களுள் ஒன்று, அன்றிரவு அவர் எங்கே படுத்திருந்தார் என்பது.