பவர் ஹேமர் யார் பெயரில்?

(சென்னை மயிலாப்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் நமது களப் பொறுப்பாளர் பேசியது)



காலையில் மாட வீதியை ஒரு சுற்று சுற்றி வந்திருப்பீர்கள். கடைகளில் இரும்புக் கடாய், தோசைக்கல், அரிவாள்மனை எல்லாம் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா? நம்ம ஊர்ப் பட்டறையில் கைக்கு வரும் காசுக்கும் இங்கே சொல்லும் விலைக்கும் எவ்வளவு தூரம்! அதனால்தானோ என்னவோ, பட்டறை வைத்திருக்கும் குழுக்காரர்கள் வேனில் வரும்போதே பிடித்துக்கொண்டார்கள். "மேடம், கடன் போட்டு ஒரு பவர் ஹேமர் வாங்கிடலாமா?" வாங்கலாம். ஆனால் அதுக்கு முன்னாடி சில விஷயம் பேசணும்.

கொல்லுப்பட்டறையில் குறடு பிடித்து இரும்பைத் திருப்பிக் கொடுப்பவர் வீட்டுக்காரர். எதிரே நின்று சம்மட்டி போடுவது யார்? பல வீட்டில் நாம்தான். நாலு கிலோ சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி அடிக்கணும். ஏழாம் மாசம் வரைக்கும் அடித்தேன் என்று ஒரு அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் கூட்டத்தில் தொழில் என்ன என்று கேட்டால் "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார்.

பவர் ஹேமர் என்பது கரண்டில் ஓடும் சம்மட்டி. காலால் மிதித்தால் மேலிருந்து ஒரு கனமான கட்டை வந்து அடிக்கும். அந்தக் கட்டையின் எடையை வைத்துத்தான் 40 கிலோ ஹேமர், 75 கிலோ ஹேமர், 150 கிலோ ஹேமர் என்கிறார்கள். மெஷினின் மொத்த எடையே அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். 40 கிலோ ஹேமரே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். நிமிஷத்துக்கு 200 அடிக்கு மேல் விழும். 1839-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் நாஸ்மித் என்பவர் கப்பலுக்கான பெரிய இரும்புத் தண்டை அடிப்பதற்காக நீராவியில் ஓடும் சம்மட்டிக்குப் படம் போட்டார். பிறகு அந்த மெஷினில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒரு முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் முட்டை ஓடு மட்டும் விரியும்படி அடித்துக் காட்டுவார்களாம். அவ்வளவு பக்குவமாக அடிக்க முடியும். தையல் மெஷின் மிதித்துப் பழகிய காலுக்கு இந்த மிதி ஒன்றும் புதுசு இல்லை.

பெரிய ஹேமர் எதற்கு உதவும்? கடப்பாரை, கோடாரி, மண்வெட்டி மாதிரி தடித்த வேலைக்கு. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாள் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாரிப் பட்டையைக் காய்ச்சி அடிப்பது. அந்தப் பட்டையை நீட்டித் தட்டையாக்க ஹேமர் நல்ல துணை. ஆனால் மூக்கை வளைப்பதும், வாய் எடுப்பதும், துவைச்சல் போடுவதும் கைவேலைதான். மெல்லிசான வாய் சீக்கிரம் ஆறிவிடும். ஆறிய பட்டையைப் போட்டு அடித்தால் விரிசல் விடும். களைகொத்தியும் கதிர் அரிவாளும் மட்டும் செய்கிற பட்டறைக்கு 75 கிலோ ஹேமர் வேண்டவே வேண்டாம். சின்னது போதும்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, கொட்டகை, அஸ்திவாரம், மெஷின் எல்லாம் சேர்த்து 3 லட்சம் கடன், நூற்றுக்கு வருஷம் 12 வட்டி, 36 மாசத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாசம் அசல் 8,333, வட்டி 3,000. மாசம் 25 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 450 ரூபாய்க்கு மேல் கடனுக்கே போயாகணும். மணிக்கு 150 ரூபாய் வாடகை வைத்தால் தினமும் மூணு மணி நேரம் ஓடணும். கரண்டும் ரிப்பேரும் தனி. 5 எச்.பி. மோட்டார் முழு இழுப்பில் ஓடினால் மணிக்கு 4 யூனிட் கிட்ட இழுக்கும்.

ஒரு குடும்பத்தின் வேலை மூணு மணி நேரம் ஹேமரை ஓட்டுமா? ஓட்டாது. இரும்பு காய்வதற்குத்தான் நேரம் போகும், அடி ஒரு நிமிஷம்தான். அப்போ நாலைந்து பட்டறை சேரணும். காய்ந்த இரும்பை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வர முடியாதே! உலையும் ஹேமர் பக்கத்திலேயே இருக்கணும். ஆக, நாம் வாங்கப் போவது ஒரு மெஷின் இல்லை, ஒரு பொதுக் கொட்டகை.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழுவில் இதை யோசிக்காமல் ஒருவர் வீட்டுச் சுவரை ஒட்டி மெஷினை இறக்கினார்கள். தனி காங்கிரீட் அஸ்திவாரம் இல்லை. நாலாம் நாளே சுவர் விரிந்தது, பக்கத்து வீட்டில் சண்டை வந்தது. த்ரீ பேஸ் இணைப்புக்கு மனு கொடுத்தது மெஷின் வந்த பிறகு! அது கிடைக்கிற வரைக்கும் மெஷின் தார்ப்பாய்க்குள் கிடந்தது, தவணை மட்டும் நடந்தது. அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். இத்தனை நாள் நீங்கள் சம்மட்டி போடாவிட்டால் உலை எரியாது. மெஷின் வந்துவிட்டால் உங்கள் தோளுக்கு ஓய்வு. நல்லதுதான். ஆனால் "இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்று ஒரு பேச்சு வரும். பட்டறைக் காசில் உங்கள் பங்கும் அதோடு போகும். கடன் உங்கள் பெயரில், மெஷின் அவர் பெயரில் என்று ஆகிவிடக் கூடாது. பில், மின் இணைப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் குழு பெயரில் இருக்கணும். வாடகை எவ்வளவு, சாவி யாரிடம் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். குறைந்தது ரெண்டு பெண்கள் மெஷின் ஓட்டப் பழகணும்.

ஓட்டும்போது முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். குறட்டை வயிற்றுக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள், உதைத்தால் வயிற்றில்தான் குத்தும். காதுக்கு அடைப்பான் வேண்டும். அச்சுக் கட்டை மாற்றும்போது மெயினை அணைத்து, மேல் கட்டைக்கு மரம் முட்டுக் கொடுங்கள்.

அரிவாள் விற்பவர்கள் ஒரு நோட்டும் வைக்கணும். 2021 செப்டம்பரில் ரவுடிகளைத் தேடிச் சோதனை நடந்தபோது, வாங்குபவர் பெயர், முகவரி எழுதி வைக்கச் சொல்லிப் போலீஸ் பட்டறைக்காரர்களிடம் சொன்னது. விவசாயத்துக்கு என்று வந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடனுக்கு முன் மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் கேளுங்கள். 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 சதவீதம், 50,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். உங்கள் தொழிலும் வயதும் அதில் வருமா, இப்போது மனு வாங்குகிறார்களா என்று நேரில் கேளுங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அடையாறு, பெசன்ட் நகர் போகிறோம். கடற்கரை ஓரம் இளநீர் விற்பவரிடம் அரிவாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். எங்கே வாங்கினார், என்ன விலை, எத்தனை நாளைக்கு ஒருதரம் சாணை பிடிக்கிறார் என்று கேளுங்கள். நாள் முழுக்க வெட்டுகிற ஆள், பொய் சொல்ல மாட்டார். பதிலை எழுதி எடுத்து வாருங்கள். இளநீர்க் காசு கூட்டமைப்புக் கணக்கில்.