வேனிற்காலத்துக் காற்றும் களத்து வேலையும்

(கூடுவாஞ்சேரியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடன், வட்டி, தவணை ஆகிய விஷயங்களையே கேட்டுப் பழகிய இக்கூட்டத்தில் காற்றைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நவரை நெல் களத்துக்கு வரும் சித்திரை, வைகாசி மாதங்களில் உங்கள் மகசூலுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. கூரை வீட்டையும் வைக்கோற்போரையும் பற்றிய தீயை எத்திசையில் கொண்டுபோவது என்பதையும் அதுவே நிர்ணயிக்கிறது.

நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் வழங்கினர். மேல்காற்றுக்கும் வெயிற்பருவத்துக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. அந்தக் காற்று உள்நாட்டின் காய்ந்த தரைமேல் நெடுந்தூரம் வருவதால் ஈரமின்றி அனலாகவே வந்து சேருகிறது.

இதற்கு மாற்றாக நமக்கு வாய்த்திருப்பது கடற்காற்று. சூரியன் ஏற ஏறத் தரை விரைவில் சூடேறுகிறது. கடல்நீர் அவ்வளவு விரைவில் சூடேறுவதில்லை. தரைமேலுள்ள காற்று உஷ்ணத்தால் இலேசாகி மேலே எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை விரைவில் ஆறிவிடுவதால் காற்று திசை மாறிக் கடலை நோக்கிச் செல்கிறது. இவ்வளவும் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்ததே. ஆனால் மாமல்லபுரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் உள்ள வேற்றுமையைப் பாடபுத்தகம் சொல்லாது.

கோவளம், மாமல்லபுரம் முதலிய கரையூர்களில் பங்குனி, சித்திரையில் முற்பகலிலேயே தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்துவிடும். கூடுவாஞ்சேரி கரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், அதே காற்று இங்கு வந்து சேர மேலும் நேரம் பிடிக்கும். வைகாசியிலும் ஆனியிலும் மேல்காற்று வலுத்தால் அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளிப் பிற்பகல் வரை கரையிலேயே நிறுத்திவிடுவதுண்டு. கடற்காற்று காலத்தில் வராத தினங்களில்தான் உஷ்ணம் வரம்பு கடக்கிறது. 2003-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி, கடலுக்கு அருகிலுள்ள சென்னை நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவாயிற்று. அன்று உள்நாட்டில் வயல்வேலை செய்தோர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. கத்திரி நாட்களில் அறுப்பு வேலையை விடியற்காலையில் தொடங்கி 10 மணிக்குள் முடித்து, மீண்டும் கடற்காற்று வந்த பின்னரே ஆட்களை இறக்க வேண்டுமென்று இதனாலேயே வற்புறுத்துகிறேன். கூலி குறையுமென்று அஞ்ச வேண்டாம். வேலை குறைவதில்லை, நேரந்தான் மாறுகிறது.

வண்டலூர்க் குன்றுகளும், செங்கற்பட்டைச் சூழ்ந்த மலைகளும், திருக்கழுக்குன்றமும் காற்றைத் தடுத்து நிறுத்தும் உயரமுள்ளவை அல்ல. எனினும் குன்றின் மேற்புறச் சரிவை ஒட்டிய களத்துக்குக் கடற்காற்று தளர்ந்தே வரும். பகலெல்லாம் காய்ந்த பாறை இரவிலும் நெடுநேரம் அனல் வீசும். தூற்றுவதற்குத் தென்கிழக்குத் திறந்த மேட்டுக்களமே ஏற்றது. அங்கே பிற்பகலில் காற்று ஒரே சீராக வீசுவதால் பதர் ஒரு பக்கமாய் விலகி விழும்.

நெல்லை உலர்த்துவதில் பலரும் அவசரப்படுகின்றனர். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம் என்பதால், மேல்காற்றில் நெல்லை மெல்லியதாகப் பரப்பி ஒரே பகலில் காயவைத்துவிட எண்ணுவது இயல்பே. அவ்வாறு கடுகக் காய்ந்த நெல்லின் உள்ளே அரிசி வெடித்துவிடுகிறது. ஆலையில் அரைக்கும்போது நொய் மிகுகிறது. சற்றுக் கனமாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுவதும், உச்சிவேளையில் குவித்து மூடி, வெயில் தாழ்ந்த பின் மறுபடி பரப்புவதும் நலம். இதற்கு இரண்டு நாள் கூடுதலாகலாம், ஆகட்டும்.

வைக்கோற்போர் விஷயத்தில் நமக்கு இரண்டு காற்றுகளும் பகையாகலாம். முற்பகலில் மேல்காற்று தீப்பொறியைக் கிழக்கே கொண்டுபோகும். பிற்பகலில் கடற்காற்று வடமேற்கே கொண்டுபோகும். ஆகவே வீட்டுக்கு மேற்கிலோ தென்கிழக்கிலோ போர் போடலாகாது. வடகிழக்கில், வீட்டைவிட்டு நன்றாகத் தள்ளிப் போட்டால் இரு காற்றும் தீயை வீட்டுக்கு அப்பால் ஓட்டும். ஈசானிய மூலையில் போர் போடலாமா என்று பெரியவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். போர் மனைக்கு வெளியே இருக்கும்போது அந்த ஆட்சேபத்துக்கு இடமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி மழை. கடற்காற்றும் மேல்காற்றும் எதிர்ப்படும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகம் உண்டாகிறது. பிற்பகலில் வீசிக்கொண்டிருந்த கடற்காற்று திடீரென ஓய்ந்து, மேற்கே மேகம் கோபுரம்போல் உயர்ந்து கறுத்தால், சிறிது நேரத்தில் மேற்கிலிருந்து புழுதியோடு குளிர்ந்த சூறை வரக்கூடும், பின்னே மழை. காற்று ஓய்ந்தவுடனே நெல்லைக் குவித்து மூடிவிட வேண்டும். மூடுவதற்கு ஒவ்வொருவரும் தார்ப்பாய் வாங்குவது சிறு விவசாயிக்கு இயலாத காரியம். 1904-இல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூர் கிராமத்தில் ராஜதானியின் முதல் கிராம நாணயச் சங்கத்தை ஏற்படுத்தியவர்களும் தனியாக இயலாததற்காகவே ஒன்றுகூடினர். நம் சங்கமும் தார்ப்பாய்களை மொத்தமாக வாங்கிக் களங்களுக்கு அருகில் வைத்து, அங்கத்தினர்களுக்குச் சொற்ப வாடகைக்குக் கொடுக்கலாம். இதற்கான தீர்மானத்தின் நகல் காரியதரிசியிடம் இருக்கிறது. வேண்டிய தார்ப்பாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் களம் வாரியாக இன்றே அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.